பனி இறங்கினால் கரன்ட் போவது ஏன்?

கேள்வி: “அய்யா, தை பாதியிலிருந்து பங்குனி வரை எங்கள் பகுதியில் விடியற்காலை 4 மணி, 5 மணிக்கு மும்முனை மின்சாரம் நின்றுபோகிறது. மழை கிடையாது, காற்று கிடையாது. பனி மட்டும்தான். வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல வந்துவிடுகிறது. லைன்மேனைக் கேட்டால், ‘பீங்கான் அடிக்குது’ என்கிறார். பீங்கானில் மின்சாரம் பாயாது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? மாசிப்பட்டத்துக் கடலை பூவெடுத்து விழுது இறங்கும் நேரம், தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது. ஊர்ப் பையன்கள் நாலு பேர் டிரான்ஸ்பார்மரை ஆஃப் செய்துவிட்டு, கம்பத்தில் ஏறித் துடைத்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?”
– வாசகர், அரியலூர் மாவட்டம்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கூடாது. டிரான்ஸ்பார்மரை ஆஃப் செய்தாலும் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

லைன்மேன் சொன்னது சரி. பள்ளிக்கூடத்தில் படித்ததும் சரி. பீங்கானுக்கு உள்ளே மின்சாரம் பாய்வதில்லை. அதன் மேல்தோல் வழியாகத் தாவுகிறது. இதைத்தான் லைன்மேன்கள் ‘பீங்கான் அடிக்குது’ என்கிறார்கள், பொறியாளர்கள் ‘ஃபிளாஷ் ஓவர்’ என்கிறார்கள்.

கிராமத்துக்கு வரும் உயரழுத்தப் பாதை 11 ஆயிரம் அல்லது 22 ஆயிரம் வோல்ட்டில் ஓடுகிறது. 11 ஆயிரம் என்பது ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் இடையே உள்ள அழுத்தம். ஒரு கம்பிக்கும் தரைக்கும் இடையே பார்த்தால் அது சுமார் 6,350 வோல்ட். கம்பத்தின் உச்சியில் குறுக்கே இருக்கும் இரும்புச் சட்டம் எர்த்தோடு சேர்ந்தது. ஆக, கம்பிக்கும் அந்த இரும்புக்கும் நடுவே நின்று 6,350 வோல்ட்டையும் தடுத்துக்கொண்டிருப்பது ஒரு சாண் உயரம்கூட இல்லாத பீங்கான்தான்.

அந்தப் பீங்கான் சாதாரணப்பட்டது இல்லை. இந்தியத் தர நிர்ணயப்படி 11 ஆயிரம் வோல்ட் பாதைக்கான பீங்கான், செயற்கை மழையில் நனைந்துகொண்டே 35 ஆயிரம் வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்கிக் காட்ட வேண்டும். அன்றாடம் அதன்மேல் விழுவதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். இவ்வளவு தெம்பு உள்ள பொருள், அடைமழைக்கு அசையாமல் நின்றுவிட்டு, சத்தமில்லாமல் இறங்கும் பனிக்குத் தோற்றுப்போகிறது. காரணம் பனியில் இல்லை. பனி இறங்குவதற்கு முன்பே பீங்கான்மேல் உட்கார்ந்திருக்கும் தூசியில் இருக்கிறது.

அரியலூர்க்காரர்களுக்குத் தூசியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1979-ல் அரசு சிமென்ட் ஆலை வந்தது. பிறகு தனியார் ஆலைகள், அவற்றுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், கல் ஏற்றிக்கொண்டு இரவு பகலாக ஓடும் டிப்பர் லாரிகள். சாலையோர வேப்பிலையைத் தொட்டால் விரலில் சாம்பல் ஒட்டுகிறது. அதே சாம்பல், இலைக்குப் பத்தடி மேலே இருக்கும் பீங்கானிலும் ஒட்டத்தான் செய்யும். இலை உதிர்ந்து புது இலை வரும். பீங்கானுக்கு அந்த வசதி இல்லை.

எல்லாத் தூசியும் ஒரே மாதிரி கெடுப்பதில்லை. வெறும் சுண்ணாம்புக்கல் பொடி தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அது செய்கிற வேலை, பனி ஈரத்தை வழியவிடாமல் பிடித்துவைப்பது. சூளைத் தூசியிலும் சிமென்ட் தூசியிலும் பொட்டாசியம், சல்பேட், குளோரைடு போன்ற கரையும் உப்புகள் உண்டு. ஈரம் பட்டதும் அவை கரைந்து, பீங்கான்மேல் மின்சாரத்துக்கு மெல்லிய பாதை போட்டுவிடுகின்றன. சிமென்டுக்கு இன்னொரு குணமும் இருக்கிறது. நனைந்தால் இறுகிவிடும். கடலோரத்துப் பீங்கானில் படியும் உப்பு, ஒரு நல்ல மழையில் கழுவிப் போய்விடும். சிமென்ட் தூசியோ ஒவ்வொரு பனிக்கும் ஒரு பூச்சாக இறுகி, வருடக்கணக்கில் பக்குக் கட்டிக்கொள்ளும். அடைமழையில் மேல் பொடி கரையும், அடிப் பக்கு கரையாது.

கடல் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த கடலின் அடியில் படிந்தது. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரமும், காரைப் பகுதியில் பொறுக்கப்படும் நத்தைக் கல்லும் அந்தக் கடலின் மிச்சம்தான். கடற்கரையிலிருந்து இவ்வளவு தள்ளி இருந்தும், கடலோரத்து மின்கம்பிக்கு வருகிற நோய் இங்கேயும் வருகிறது.

இனி, இரவில் நடப்பதைப் பார்க்கலாம்.

மேகமில்லாத இரவில் திறந்தவெளியில் இருக்கிற எதுவும் வானத்தைப் பார்த்து வெப்பத்தை விட்டுவிடும். இரவில் வாசலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் சீட் காலையில் ஈரமாக இருப்பது இதனால்தான். பீங்கானும் அப்படித்தான் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து, தன்மேல் பனியை இறக்கிக்கொள்கிறது. விடிவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம்தான் நாளிலேயே அதிகக் குளிர். மழையாக இருந்தால் நனைத்த கையோடு கழுவியும் விட்டிருக்கும். பனி நனைக்கும், ஆனால் கழுவாது. பக்குக் கட்டிய தூசிக்கு இதைவிடத் தோதான ஈரம் கிடையாது.

நனைந்த தூசி வழியாகச் சில மில்லி ஆம்பியர் மின்சாரம் கசியத் தொடங்கும். கசிகிற மின்சாரம் சூடு கொடுக்கும். பீங்கானின் இடை குறுகிய இடத்தில் அந்தச் சூடு அதிகம். அங்கே மட்டும் ஈரம் ஆவியாகி, மோதிரம் போட்டதுபோல ஒரு காய்ந்த வளையம் உண்டாகும். அதுவரை பீங்கான் முழுக்கப் பரவி நின்ற அழுத்தம் இப்போது அந்த ஒரு விரற்கடை அகல வளையத்தின்மேல் மொத்தமாக விழும். வளையத்தால் தாங்க முடியாது. ‘சிர்ர்’ என்று ஒரு சின்னப் பொறி அதைத் தாண்டும். உடனே அணையும். அந்த இடம் மறுபடி நனையும், மறுபடி காயும், மறுபடி பொறி தாண்டும். நள்ளிரவுக்குமேல் கம்பத்தடியில் நின்றால் கேட்கும் இரைச்சல் இதுதான். ஓர் இரவில் இப்படி எத்தனையோ பொறிகள் வந்து எதுவும் செய்யாமல் அணைந்துபோகும். ஈரமும் உப்பும் போதுமான அளவு இருந்துவிட்டால், ஏதோ ஒரு பொறி அணையாமல் நீண்டு, கம்பியிலிருந்து இரும்புச் சட்டம் வரை ஒரே தாவாகத் தாவிவிடும். ‘டமார்’ என்று ஒரு வெளிச்சம். மில்லி ஆம்பியர் இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரைக்குப் பாயும். துணை மின் நிலையத்தில் இருக்கும் ரிலே அதை உணர்ந்து, கண் இமைக்கும் நேரத்தில் ஃபீடரை டிரிப் ஆக்கிவிடும்.

அங்கே பணியில் இருப்பவர் சற்றுப் பொறுத்து மறுபடி சார்ஜ் செய்து பார்ப்பார். அடித்த பீங்கான் அந்தச் சூட்டிலேயே காய்ந்திருக்கும். ஆனால் அதே பாதையில் அதே தூசியோடு இன்னும் எத்தனையோ பீங்கான்கள் நனைந்து நிற்கின்றன. அதில் இன்னொன்று அடிக்கும். மூன்றாம் முறை அவர் துணியமாட்டார். 8 மணி வெயிலில் எல்லாம் காய்ந்துவிடும், ஃபீடர் நிற்கும். லைன்மேன் பாதை முழுக்க நடந்து பார்த்தாலும் அறுந்த கம்பி இருக்காது, முறிந்த கிளை இருக்காது. தடயமும் வெயிலோடு காய்ந்துபோகிறது. இந்தப் பழுது ஆண்டுக்கு ஆண்டு தொடர்வதற்கு அதுவே பெரிய காரணம்.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். மின்பாதைக்கு மாசிதான் மோசம். இந்த மாவட்டங்களுக்குப் பெரும்பங்கு மழை தருவது வடகிழக்குப் பருவமழை. மார்கழியோடு அது ஓய்ந்துவிடுகிறது. அதன்பிறகு இரண்டு மாதத் தூசி கழுவுவாரின்றிச் சேர்ந்திருக்கும்போது மாசிப் பனி வருகிறது. அடுத்த கண்டம் கோடையில் விழும் முதல் தூறல். தூறலாகவே நின்றுபோனால் அதுவும் பனி மாதிரிதான். பெருமழையாகக் கொட்டிவிட்டால் நல்லது.

இது அரியலூருக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. வட இந்தியாவில் சனவரிப் பனிமூட்டத்தில் இதே காரணத்தால் பெரிய கோபுரப் பாதைகளே வரிசையாக டிரிப் ஆகியிருக்கின்றன. 2010 சனவரித் தொடக்கத்தில் பல மாநிலங்கள் ஒரே நேரத்தில் அதன் பாதிப்பைக் கண்டன. அதன்பிறகு அங்கே பல பாதைகளில் பீங்கானை எடுத்துவிட்டு சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர்களை மாட்டினார்கள்.

உங்கள் ஊரில் நடப்பது இதுதானா என்று உறுதி செய்துகொள்வது முக்கியம். காலையில் போகிற கரன்ட் எல்லாம் பீங்கான் அடித்துப் போவதில்லை. தினமும் கடிகாரம் வைத்ததுபோல ஒரே நிமிடத்தில் நின்றால், அது மும்முனை மின்சாரத்தின் ஷிப்ட் மாறும் நேரமாக இருக்கும். காற்றடிக்கும் நாளில் போனால் மரக்கிளையைச் சந்தேகிக்க வேண்டும். பனி அதிகமான நாளில் போய், பனி இல்லாத நாளில் போகாமல் இருந்தால் பீங்கான்தான். ஒரு நோட்டில் இரண்டு வாரத்துக்குத் தேதி, நேரம், பனி உண்டா இல்லையா என்று எழுதி வந்தால் தெரிந்துவிடும்.

அடுத்து, எந்தக் கம்பம் என்று கண்டுபிடிப்பது. இதை லைன்மேனைவிட அந்த நேரத்தில் வயலில் இருக்கும் விவசாயியால்தான் நன்றாகச் செய்ய முடியும். கம்பத்தை நெருங்க வேண்டாம். இருபது முப்பது அடி தள்ளி, வரப்பில் நின்று, டார்ச்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். பீங்கானைச் சுற்றி நீல நிறத்தில் மினுக்கலோ, ஆரஞ்சு நிறத்தில் நூல் நூலாகப் பொறியோ தெரிந்தால் அந்தக் கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் பார்த்தால் அதே பீங்கானில் சாம்பல் நிறப் பக்கு, பழுப்பாகக் கருகிய கோடு, விளிம்பு உடைந்த குடை மடிப்பு இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும்.

‘அடிக்கடி கரன்ட் போகிறது’ என்று எழுதினால் பத்தோடு பதினொன்றாகப் போய்விடும். ‘இன்ன ஃபீடர், இன்ன எண்ணுள்ள கம்பம், நடுக் கம்பியின் பீங்கானில் இன்ன தேதிகளில் விடியற்காலை பொறி அடித்தது, பனி நாளில் மட்டும் டிரிப் ஆகிறது’ என்று எழுத வேண்டும். செல்போனில் தள்ளி நின்று எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்யலாம், அங்கே புகார் எண் கிடைக்கும். அசையவில்லை என்றால் மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் குறைதீர் கூட்டமும், மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டமும் இருக்கின்றன.

என்ன கேட்க வேண்டும் என்பதிலும் தெளிவு வேண்டும். முதலாவது, துடைப்பது. தை பிறந்ததும் மின்தடை அறிவித்து, தூசி அதிகமுள்ள பகுதியில் மட்டுமாவது பீங்கான்களைத் துணியால் துடைத்து, உடைந்ததை மாற்ற வேண்டும். செலவு குறைவு, ஆனால் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். இரண்டாவது, நீளமான பீங்கான். மின்சாரம் பீங்கான் தோல்வழியாகக் கடக்க வேண்டிய தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. குடைபோல மடிப்பு வைத்திருப்பதே, குட்டையான உயரத்துக்குள் அந்தத் தூரத்தை அதிகமாக்கத்தான். நெடுங்காலமாகப் புழங்கும் பன்னாட்டு அளவுப்படி, தூசி குறைந்த இடத்தில் ஒரு கிலோவோல்ட்டுக்கு 16 மில்லிமீட்டர் போதும். மிக மோசமான இடத்துக்கு 31 மில்லிமீட்டர் வேண்டும். மின்கடத்தும் தூசி படிகிற இடத்தை அந்த அளவு மிக மோசமான வகையில்தான் சேர்க்கிறது. 11 ஆயிரம் வோல்ட் பாதையில் அழுத்தம் அதிகபட்சம் 12 ஆயிரம் வரை ஏறலாம் என்று கணக்கு வைப்பார்கள். அப்படியானால் சாதாரண ஊருக்கு 192 மில்லிமீட்டர், ஆலைத் தூசி ஊருக்கு 372 மில்லிமீட்டர். ஏறக்குறைய இரண்டு மடங்கு. காவிரிக் கரை ஊருக்கு வாங்கிய பீங்கானையே சுரங்கத்து ஓரத்திலும் மாட்டினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ‘எங்கள் பாதையில் இருக்கும் பீங்கானின் கசிவுத் தூரம் எவ்வளவு?’ என்று ஒரு கேள்வியை மனுவில் சேர்த்துவிடுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு எண்ணைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

மூன்றாவது, சிலிக்கான் ரப்பர் இன்சுலேட்டர். சேப்பங்கிழங்கு இலைமேல் தண்ணீர் உருண்டு நிற்பதைப்போல இதன்மேல் பனி முத்து முத்தாக நிற்கும், தாளாகப் பரவாது. பரவாத ஈரத்தில் மின்சாரத்துக்குத் தொடர்ச்சியான பாதை கிடைக்காது. மேலே தூசி படிந்தாலும் ரப்பரிலிருந்து ஒருவகை எண்ணெய்ப் பசை கசிந்து, அந்தத் தூசியையும் தண்ணீர் ஒட்டாததாக மாற்றிவிடும். இருந்தாலும் சிமென்ட் பக்கு தடிமனாக இறுகிவிட்டால் இந்தப் பசை மேலே வர நாளாகும். அதனால் ஆலைக்கு மிக அருகில் ரப்பர் மாட்டினாலும் துடைக்கிற வேலை முழுசாக ஒழியாது. மாட்டினால் இருபது வருடம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று யாராவது சொன்னால், அவர் சுரங்கச் சாலையைப் பார்க்காதவர்.

இப்போது, பையன்கள் கம்பம் ஏறுவது பற்றி. ஊர் டிரான்ஸ்பார்மரில் இருக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்கினால், டிரான்ஸ்பார்மருக்கு இந்தப் பக்கம் போகும் தாழ்வழுத்தக் கம்பிதான் செத்துப்போகும். அடிக்கிற பீங்கான் இருப்பது உயரழுத்தப் பாதையில், சுவிட்சுக்கு அந்தப் பக்கம். அங்கே 11 ஆயிரம் வோல்ட் அப்படியே உயிரோடு இருக்கும். கரன்ட் போன நேரமாகப் பார்த்து ஏறலாம் என்பதும் தற்கொலைதான். துணை மின் நிலையத்தில் இருப்பவருக்குக் கம்பத்தில் ஆள் இருப்பது தெரியாது, அவர் எந்த நொடியிலும் சார்ஜ் செய்து பார்ப்பார். மின்வாரிய ஊழியரே ‘லைன் கிளியர்’ வாங்கி, எர்த் ராடு மாட்டிய பிறகுதான் கை வைக்கிறார். அப்படிச் செய்யாமல் ஏறி உயிரை விட்டவர்கள் உண்டு. ஒரு தண்ணீர்க் கட்டுக்காக ஒரு வீட்டுப் பிள்ளையை இழக்கக் கூடாது.

கீழே நின்றபடி பம்ப்செட் தண்ணீரைப் பீச்சிக் கழுவலாமா என்றும் சிலர் நினைக்கலாம். ஓடும் பாதையைத் தண்ணீர் அடித்துக் கழுவுகிற முறை உலகில் இருக்கிறது. அதற்கு உப்பு நீக்கிய தண்ணீர், எர்த் செய்த கருவி, பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் வேண்டும். பெரம்பலூர், அரியலூர்க் கிணற்றுத் தண்ணீர் டீ போட்டாலே பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். அதன் தாரை வழியாக மின்சாரம் குழாயைப் பிடித்திருக்கும் கைக்கு வந்துவிடும். ரெயின்கன் வைத்திருப்பவர்களும் அதன் வீச்சு மின்கம்பியைத் தொடாதபடி இடம் பார்த்து வைக்க வேண்டும்.

கேள்வி: “மக்காச்சோளம் அறுத்த தட்டையைக் கொளுத்தலாம் என்றிருக்கிறேன். வயலுக்கு மேலே டவர் லைன் போகிறது. கம்பி ரொம்ப உயரத்தில்தானே இருக்கிறது, நெருப்பு எட்டாது. தீ வைத்தால் வழக்கு வரும் என்று பக்கத்துக் காட்டுக்காரர் பயமுறுத்துகிறார். உண்மையா?”
– வாசகர், வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: வழக்கை விடுங்கள், உயிருக்கே ஆபத்து. நெருப்பு கம்பியை எட்ட வேண்டியதில்லை. கம்பிக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் காற்றுதான் அங்கே தடுப்புச்சுவர். சூடான காற்று மெலிந்துவிடும், மெலிந்த காற்றுக்கு மின்சாரத்தைத் தடுக்கும் தெம்பு குறைவு. போதாததற்குக் கரித்துகளும், எரிந்துகொண்டே மேலே பறக்கும் தோகையும் கம்பியை நோக்கிப் படிக்கட்டுபோல அடுக்கி நிற்கும். காற்று வழியாகவே மின்சாரம் தரைக்குப் பாய்ந்துவிடும். அந்த நேரத்தில் கீழே நிற்பவர் நெருப்பில் கால் வைக்காமலேயே தூக்கி எறியப்படலாம். கரும்புத் தோகை கொளுத்துகிற பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் மின்பாதைகள் டிரிப் ஆவதற்கு இது தெரிந்த காரணம். புகைக்கரி பீங்கான்களில் படிந்து, அடுத்த பனிக்கு வேலை வைப்பது தனி.

110 கே.வி. பாதைக்கு மொத்தம் 22 மீட்டர், 230 கே.வி. பாதைக்கு 35 மீட்டர் அகலம் மின்பாதைக்கு உரிய இடம். அந்தப் பட்டைக்குள் எதையுமே கொளுத்தக் கூடாது. காற்று புகையைத் தள்ளுமாதலால், வெளியே வைக்கும் தீயும் உத்தரவாதம் இல்லை. மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்துவது எப்படிப் பார்த்தாலும் நட்டம்தான். ரோட்டவேட்டரால் பொடித்து மண்ணில் மடக்கி உழுதால் அடுத்த வெள்ளாமைக்கு மக்கு. காய்வதற்கு முன் வெட்டினால் மாட்டுக்குத் தீவனம்.

கேள்வி: “மழை தூறிக்கொண்டிருந்தபோது மின்கம்பத்து ஸ்டே கம்பியில் கட்டியிருந்த பசு திடீரென்று விழுந்து துடித்தது. கயிறு நூல் கயிறுதான். கம்பி எதுவும் அறுந்து விழவில்லை. பத்தடி தள்ளி நின்ற எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இது எப்படி?”
– வாசகி, ஜெயங்கொண்டம்.

பதில்: மேலே பீங்கான் அடிக்கிறபோது மின்சாரம் கம்பம் வழியாகத் தரையில் இறங்கி, குளத்தில் கல் போட்டால் அலை பரவுவதுபோலச் சுற்றிலும் பரவும். கம்பத்துக்கு அருகில் அழுத்தம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. மனிதரின் இரண்டு பாதத்துக்கு நடுவே இடைவெளி குறைவு, செருப்பும் இருக்கலாம். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே நாலைந்து அடி. அந்த இரண்டு இடங்களின் அழுத்த வித்தியாசமும் அதன் உடம்பு வழியாக, நெஞ்சைக் கடந்து போகும். ஈரக் கயிறும் ஸ்டே கம்பியிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுவரும். ஸ்டே கம்பியின் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பீங்கான் கோத்திருக்க வேண்டும், கீழே இருப்பவர்களுக்கு அதுதான் காவல். உங்கள் கம்பத்தில் அது இருக்கிறதா, உடையாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே புகார் கொடுங்கள். மாட்டைக் கம்பத்திலோ ஸ்டேயிலோ கட்டவே வேண்டாம். இனி இப்படி ஒரு மாடு விழுந்தால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியான பிறகுதான் கிட்டே போக வேண்டும். கம்பி அறுந்து கிடக்கும் இடத்தில் பத்து மீட்டருக்குள் யாரும் போகக் கூடாது. ஏற்கெனவே உள்ளே இருந்தால் பாதத்தைத் தூக்காமல், ஒட்டி ஒட்டித் தேய்த்தபடி வெளியே வர வேண்டும்.

கேள்வி: “இப்படி டிரிப் ஆகி டிரிப் ஆகி வந்ததில் நீர்மூழ்கி மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது. இரண்டாவது முறை. என்ன செய்வது?”
– வாசகர், செந்துறை.

பதில்: ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பீர்கள். கரன்ட் வந்த நொடியில் அந்த ஃபீடரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். அப்போது வோல்டேஜ் தரைதட்டும், மோட்டார் கிளம்ப முடியாமல் முனகிக்கொண்டு சூடாகும். ஸ்டார்ட்டரில் தாமத டைமர் போட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரர் 3 நிமிடம் என்றால் நீங்கள் 6 நிமிடம் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று முனையில் ஒன்று வராவிட்டால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸிங் பிரிவென்டர் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மோட்டார் தானாக ஓட வேண்டும் என்பதற்காக அதைக் கழற்றி நேராக இணைத்துவிடுகிற பழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் மட்டுமாவது ஆட்டோவை விட்டுவிட்டு, வெயில் ஏறியபின் கையால் போட்டு இறைத்தால், எரிந்த காயிலுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.